கறுப்பா, மரப்பிடியா?

'சடக்' என்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் 'சடக்'.

ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலக மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்று காது கொடுத்தான். சத்தம் இயக்குநர் அறையிலிருந்து வந்தது. யாரோ நாற்காலிக் காலை ஒடிக்கிறார்கள் என்று நினைத்தான். அந்த அலுவலக நாற்காலிகளை யாரும் மெனக்கெட்டு ஒடிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தாலே போதும் என்பது உடனே நினைவுக்கு வந்தது. மேலே ஏறினான்.

அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போகும்போது இருக்காது என்பதால் எங்கே போனாலும் ஏணியைக் கூடவே தூக்கிக்கொண்டு போவான். அதனால் வந்த பெயர். பதவிப் பெயர் வேறு: 'காட்சி இடையூறு அகற்றுநர், இரண்டாம் நிலை'. முதல் நிலை என்று ஒன்று உண்டா என்று அவன் யாரையும் கேட்டதில்லை. நகரத்தில் அனுமதி இல்லாமல் தெருவுக்குக் குறுக்கே கட்டப்படும் பேனர்களின் கயிற்றை அறுத்துக் கீழே இறக்குவது வேலை. இதற்கென்றே நகரத் தோற்றத் தூய்மைப் பிரிவு என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் ஓர் இயக்குநர், ஒரு கண்காணிப்பாளர் அம்மா, கணக்கர், எழுத்தர்கள், அவர்களுக்குத் தேநீர் கொண்டுவர ஆள், தேநீர்க் கணக்குப் பார்க்க ஆள் எல்லோரும் இருந்தார்கள். கயிறு அறுக்க இவன் ஒருவன்.

அவனுடைய மடக்குக் கத்தி போன வாரம்தான் உயிரை விட்டது. ஏணி உச்சியில் நின்று ஒரு சோபாக் கடை பேனரை அறுத்துக்கொண்டிருந்தபோது, பிடியையும் அலகையும் இணைக்கும் ஆணி கழன்று, அலகு நேரே சாக்கடைக்குள் போய்விட்டது. பிடி மட்டும் கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துப் புதுக் கத்தி கேட்டிருந்தான்.

இயக்குநர் அறையில் மேசைமேல் நீலத்துணி விரித்து இரண்டு மடக்குக் கத்திகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று முழுக்கக் கறுப்பு. கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளினால் தானாகத் திறந்துகொள்ளும். பையில் மாட்ட ஒரு கிளிப்பும் உண்டு. இன்னொன்று மரப்பிடி போட்டது. அலகில் இருக்கும் சிறு பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்துத் திறக்க வேண்டும். இயக்குநர் கறுப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"வா ஏணி. கண்ணை மூடு."

மூடினான். சடக்.

"எப்படி இருக்கு?"

"சத்தமா இருக்கு சார்."

"அதான். அந்தச் சத்தத்துலதான் எல்லாம் இருக்கு."

ஏணி கண்ணைத் திறந்து, தலையைச் சொறிந்து, கயிறு அறுக்குமா என்று கேட்டான். இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கயிறை எல்லாக் கத்தியும் அறுக்கும்யா. கேள்வி அது இல்ல."

கேள்வி எது என்பதை அவர் விளக்கினார். உலகம் முழுவதும் விவரமுள்ளவர்கள் தினமும் சட்டைப்பையில் என்ன எடுத்துப் போகிறார்கள் என்பதைப் பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். அதைப் பற்றி அவர் தினமும் காணொளி பார்க்கிறாராம். ஒரு மனிதன் எந்தக் கத்தியைத் தன்னோடு வைத்துக்கொள்கிறானோ, அதுதான் அந்த மனிதனாம். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று தீர்மானிக்கிற விஷயம் அல்ல இது. இதற்குத் தமிழில் ஒரு பெயரும் உருவாக்கிச் சுற்றறிக்கையில் சேர்த்திருந்தார்: 'அன்றாட உடனேந்தல்'.

ஏணிக்கு அது புரியவில்லை. ஆனால் அவசரம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னான். தன் அக்காவின் தையல்கடை வாசலை மறைத்து ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள், அதை உடனே இறக்க வேண்டும் என்றான். இயக்குநர் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். கையில் பேனா இல்லை, கத்திதான் இருந்தது.

அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு ஆள் கிடையாது. கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறையில்தான் இருவரும் குடியிருந்தார்கள். அக்கா தைப்பாள், இவன் ஏறுவான், அப்படிக் காலம் போனது. அந்தக் கடை வாசலில் ஒரு பல் மருத்துவமனைக்காரர் பேனர் கட்டியிருந்தார். ஒரு பெரிய வாய், சிரித்துக்கொண்டு. அக்காவின் கடை சரியாகக் கடவாய்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வழி கேட்டுக் கூப்பிடும் வாடிக்கையாளர்களிடம், "பல்லைத் தூக்கிட்டு உள்ளே வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பாதிப்பேர் வரவில்லை. பல்லைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

அதுகூடப் பரவாயில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் ஒவ்வொரு வருடமும் தலைமையாசிரியை அந்தத் தெருவுக்கு நேரில் வருவார். தையல்கடைகளைப் பார்த்து, ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளின் சீருடை முழுவதையும் அங்கேயே கொடுத்துவிடுவார். அந்த ஒரு வேலைதான் அக்காவுக்கு வருடம் முழுவதும் சோறு. மிச்சமெல்லாம் பட்டன் தைப்பதும் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதும். தலைமையாசிரியை வரும்போது கடை கண்ணில் படாவிட்டால் வேலை எதிர்க்கடைத் தையற்காரருக்குப் போகும். அவருக்குக் காலர் வைக்க வராது என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவர் கடை தெரிகிறதே.

"உன் வேலை என்னடா?" என்றாள் அக்கா.

"கயிறு அறுக்கறது."

"அந்தா தொங்குது கயிறு. அறு."

"அறுக்கக் கூடாது அக்கா."

ஏன் கூடாது என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. முன்பு ஒரு தடவை ஏணி கத்தியை மறந்துவிட்டுப் போய், பக்கத்துக் கடையில் அரிவாள் இரவல் வாங்கி ஒரு பேனரை அறுத்தான். பேனரின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். எண் பொறித்த அலுவலகக் கத்தி அறுத்தால் அது அரசு நடவடிக்கை, இரவல் அரிவாள் அறுத்தால் அது சொத்துச் சேதம் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆக, சட்டப்படி பார்த்தால் அறுப்பது கத்திதான். மனிதன் என்பது கத்தியை உயரத்துக்குத் தூக்கிப் போகும் ஓர் ஏற்பாடு. இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவனை விட்டார்கள்.

இதையெல்லாம் அக்கா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, தன் கத்தரிக்கோலைத் தருகிறேன், அதில் எண்ணைப் பொறித்து அலுவலகக் கத்தரிக்கோலாக ஆக்கிக்கொள்ளச் சொல் என்றாள். பரவாயில்லையே என்று ஏணி மறுநாளே கண்காணிப்பாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னான். அந்த அம்மா விதிப்புத்தகத்தை மனதில் வைத்திருப்பவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"மடங்குமா?"

"கத்தரிக்கோல் எப்படிம்மா மடங்கும்?"

"மடங்காத கருவி கொள்கைக்குள்ள வராதுப்பா."

கண்காணிப்பாளர் அம்மா மரப்பிடிக் கட்சி. ஒரு கையால் திறக்கிற கத்தி ஆபத்து, இரண்டு கையும் வேண்டியிருந்தால்தான் மனிதன் ஒரு கணமாவது யோசிப்பான் என்பது அவர் வாதம். ஏணி உச்சியில் நிற்கிறவன் இரண்டு கையாலும் கத்தியைத் திறந்தால் ஏணியை யார் பிடிப்பது என்று இயக்குநர் கேட்டார். ஏணியைப் பிடிக்கத் தனியாக ஒரு பணியிடம் கேட்டு மேலே எழுதலாம் என்றார் அம்மா. இந்தப் பதில் அலுவலகத்தையே இரண்டாகப் பிளந்தது. கறுப்பு வாங்கினால் ஓர் ஆள் மிச்சம். மரப்பிடி வாங்கினால் ஓர் ஆள் கூடும். யாருக்கெல்லாம் வேலையில்லாத மைத்துனர்கள் இருந்தார்களோ அவர்களெல்லாம் மரப்பிடியின் அழகைப் பேச ஆரம்பித்தார்கள்.

இதற்குள் உடனேந்தல் காய்ச்சல் எல்லோருக்கும் கண்டுவிட்டது. காலையில் வந்ததும் ஊழியர்கள் மேசைமேல் கைக்குட்டையை விரித்து, பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கி, நாற்காலிமேல் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தார்கள். கத்தி, சிறு விளக்கு, விசில், சீப்பு. எழுத்தர்களில் ஒருவர் கிளிப் மாட்ட வசதியாகக் கால்சட்டையே புதிதாகத் தைத்துக்கொண்டார். கணக்கர் ஒரு திசைகாட்டி வாங்கினார். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு அவர் காலம் காலமாக ஒரே பேருந்தில்தான் வருகிறார். இருந்தாலும் பேருந்து வடகிழக்காகப் போகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது என்று மிகுந்த மனநிறைவோடு சொன்னார்.

அறுப்பதற்குத்தான் எதுவும் கிடைக்கவில்லை. உறைகள் எல்லாம் ஏற்கெனவே கிழிந்துதான் வந்தன. பிஸ்கட் பொட்டலம் ஒன்றை அறுக்க நான்கு பேர் போட்டி போட்டதில் பிஸ்கட் தூளாகிவிட்டது. கடைசியில், கட்டாமல் கிடக்கும் கோப்புகளையெல்லாம் நூல் போட்டு இறுகக் கட்டும்படி உத்தரவு போனது. காலையில் கட்டினார்கள், மாலையில் அறுத்தார்கள். கட்டிடம் முழுக்க சடக் சடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அலுவலகத்தில் அப்போது கத்தி இல்லாதவன் ஒருவன்தான். கத்தி தேவைப்பட்டவனும் அவன்தான்.

முறைப்படி ஒரு குழு அமைந்தது. 'மடக்குக் கத்தித் தேர்வு மற்றும் உடனேந்தல் நெறிப்படுத்தல் குழு' என்று பெயர். கத்தி என்பது மக்கள் பணத்தில் வாங்குவது, ஆகவே மக்களைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று குழு முதல் கூட்டத்திலேயே கண்டுபிடித்தது. மக்களை எப்படிக் கேட்பது? பேனர் கட்டித்தான். 'கறுப்பா, மரப்பிடியா? உங்கள் கருத்து, உங்கள் கத்தி' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, அதிக ஜனநடமாட்டம் உள்ள தெரு எது என்று ஆராய்ந்து, அக்கா கடை இருக்கும் தெருவில் பல்லின் மேலேயே கட்டினார்கள். கட்டியது ஏணிதான். கட்டுவதற்குக் கத்தி தேவையில்லை என்பதால் அதில் எந்தத் தாமதமும் ஏற்படவில்லை.

கருத்துக் கேட்டால் மக்கள் சும்மா இருப்பார்களா? கத்தி என்றால் என்னவென்றே அதுவரை யோசித்திராத தெரு, ஒரு வாரத்தில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பழக்கடைக்காரர் கறுப்புக்கு ஆதரவாக ஒரு பேனர் கட்டினார், தன் படத்தோடு. அதைப் பார்த்துச் செருப்புக் கடைக்காரர் மரப்பிடிக்கு ஒன்று, தன் படமும் மகன் படமும் போட்டு. பழக்கடைக்காரர் உடனே குடும்பத்தோடு படம் எடுக்கப் போனார். மீசை முறுக்கியவர்கள், கூலிங்கிளாஸ் போட்டவர்கள், கையில் கத்தியோடு வானத்தைப் பார்ப்பவர்கள் என்று தெருவின் இரு பக்கமும், குறுக்கேயும், பிறகு குறுக்குக்குக் குறுக்கேயும் துணி தொங்கியது. கொஞ்ச நாளில் மேலே ஆகாயம் போய்விட்டது. பகலிலேயே தெருவிளக்கு எரிந்தது. காக்கைகள் சாயங்காலம் ஆகிவிட்டது என்று எண்ணி மத்தியானமே கூட்டுக்குத் திரும்பின. எல்லோர் கடையும் மறைந்துவிட்டது; எல்லோரும் வியாபாரம் இல்லை என்று புலம்பினார்கள்; புலம்பிவிட்டு, எதிர்க்கட்சி பேனர் நம்முடையதைவிட அகலமாக இருக்கிறதே என்று அளந்து பார்த்தார்கள்.

அக்கா விளக்கடியில் உட்கார்ந்து பேனர்களுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாள். வேறு வேலை வரவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் ஏணியைக் குழுவில் சேர்த்தார்கள். கத்தியை உண்மையில் பயன்படுத்தப்போகிறவர் ஒருவராவது குழுவில் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். 'பயனாளர் பிரதிநிதி' என்று அட்டை எழுதி அவன் முன்னால் வைத்தார்கள். குஷன் போட்ட நாற்காலி. ஏணியைச் சுவரில் சாய்த்து வைக்க ஓர் ஆள். அவன் கருத்தைக் கேட்டபோது, ஏதாவது ஒன்றை இன்றைக்கே கொடுங்கள், அக்கா கடை வாசலை அறுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தே விட்டான். 'பயனாளர் பிரதிநிதி கருத்து ஏதும் கூறவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

பழகிப் பார்த்துச் சொல்லும்படி இரண்டு கத்தியையும் அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவன் கையைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. கயிற்றுப் பக்கம் கை காட்டினாள்.

"இது சாம்பிள் கத்திதான் அக்கா. எண் பொறிக்கல. அறுக்கக் கூடாது."

"பின்னே என்ன பண்ணச் சொன்னாங்க?"

"பழகச் சொன்னாங்க."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நீ பழகிப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏணி பழகினான். அங்கேதான் தப்பு நடந்தது. முதல் நாள் கறுப்பைத் திறந்து மூடினான். கட்டைவிரலுக்கும் அந்தக் குமிழுக்கும் ஏதோ பூர்வஜென்ம உறவு இருப்பதுபோல் இருந்தது. இதுவேதான் என்று முடிவு செய்துவிட்டான். அடுத்த நாள் மரப்பிடியைக் கையில் வைத்தான். உள்ளங்கைக்குள் குருவிக் குஞ்சு மாதிரி வெதுவெதுப்பாக உட்கார்ந்துகொண்டது. அடடா, கறுப்புக்கு இந்த மனசு இல்லையே என்று தோன்றியது. பிறகு கறுப்பைத் தனியாக விட்டுவிட்டோமே என்று சங்கடமாக இருந்தது. சாப்பிடும்போது ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம் வைத்துக்கொண்டான். அக்கா சாம்பாரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ஏறின ஏணிகளும் அறுத்த கயிறுகளுமாகப் போன வாழ்க்கையில் யாரும் அவனிடம் இதுவா அதுவா என்று கேட்டதே கிடையாது. இப்போது கேட்டுவிட்டார்கள். அது அவனை என்னவோ செய்தது.

குழுவில் பேச ஆரம்பித்தான். அலகின் வளைவைப் பற்றிச் சொன்னான், பிடியின் கனத்தைப் பற்றிச் சொன்னான். கணக்கர் அவனிடம் தனியாக வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார். ஏணி, ஏணி சார் ஆனான்.

தலைமையாசிரியை மறுநாள் வருகிறார் என்ற நிலையில் இறுதிக் கூட்டம் நடந்தது. இயக்குநருக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் இப்போது உடனேந்தல் விளக்குகளைப் பற்றிய காணொளிக்கு நகர்ந்துவிட்டார். கண்காணிப்பாளர் அம்மாவுக்கு மரப்பிடியைத் திறந்து திறந்து நகம் உடைந்துவிட்டது. சரி, கறுப்பே இருக்கட்டும், தொலையட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். எழுத்தர் எழுத ஆரம்பித்தார். எண் பொறிக்கிறவர் உளியோடு வாசலில் காத்திருந்தார். அரை மணி நேரத்தில் ஏணி கையில் கத்தி வந்துவிடும்; சாயங்காலத்துக்குள் அக்கா வாசலில் வெயில் விழுந்துவிடும்.

"பயனாளர் பிரதிநிதிக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?" என்று இயக்குநர் ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

ஏணி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஆட்சேபணைன்னு இல்ல சார். கறுப்பு வெயில்ல சூடாகும்."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். கயிறு அறுக்க வேண்டிய தெருவில் வெயில் விழுந்து வாரக்கணக்கில் ஆகிறது என்பது அங்கே யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஏணிக்கும் வரவில்லை. அவன் மேலே போனான். கறுப்பின் அலகை மரப்பிடியில் பொருத்தினால் என்ன, குமிழும் இருக்கும், கைக்கு இதமாகவும் இருக்கும் என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கே உடம்பு சிலிர்த்தது.

"இத்தனை நாள்ல இந்தக் குழுவுல ஒருத்தர்தான் யோசிச்சிருக்கார்" என்றார் இயக்குநர். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவதாக ஒரு மாதிரி செய்து வரவழைப்பது, அதுவரை முடிவை ஒத்திவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. உளிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏணி ஏறக்குறைய மிதந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தான். நடந்ததை ஒன்று விடாமல், கைதட்டல் உட்பட, அக்காவுக்குச் சொன்னான். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"அப்போ இன்னைக்கே கொடுக்கறேன்னாங்க. நீதான் வேணாம்னே."

"வேணாம்னு சொல்லல அக்கா. இன்னும் நல்லதா…"

பாதியில் நிறுத்தினான். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் மெல்ல மெல்ல உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை இறங்கியது. அக்கா திட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை வெட்டும் மேசையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, அதன்மேல் முக்காலி வைத்து, அவள் ஏறினாள். ஏணி பதறிப்போய் அரசாங்க ஏணியைக் கொண்டுவந்தான். பிறகு, தனியார் அறுப்புக்கு அரசாங்க ஏணி கொடுத்தால் அதற்குத் தனி வழக்கு என்பது ஞாபகம் வந்து அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். வந்து, தம்பி என்ற முறையில் முக்காலியைப் பிடித்துக்கொண்டான். பணியாளர் என்ற முறையில் கண்ணை மூடிக்கொண்டான்.

கருத்துக் கேட்பு விழுந்தது. அதன்பின் பழக்கடைக்காரர் குடும்பம் விழுந்தது. செருப்புக் கடைக்காரரும் மகனும் விழுந்தார்கள். கடைசியாகப் பல் விழுந்தது. அந்த இடத்தில் மட்டும் ஆகாயத்திலிருந்து ஒரு கட்டம் வெயில் இறங்கி, கடைப் பலகையின் மேலும் தையல் இயந்திரத்தின் மேலும் படிந்தது. தெருவில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இது என்ன வெளிச்சம் என்று வெளியே வந்தார்கள்.

தலைமையாசிரியை வந்தார். வெளிச்சத்தைப் பார்த்து நேரே அக்கா கடைக்குத்தான் வந்தார். மாதிரிச் சட்டையைப் புரட்டிப் பார்த்தார். காலரைத் தடவிப் பார்த்தார். முகத்தில் திருப்தி. ஏணிக்கு மூச்சு வந்தது.

"வாசலை நீங்களேதான் அறுத்தீங்களா? தைரியம்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதால அறுத்தீங்க? கறுப்பா, மரப்பிடியா?"

"கத்தரிக்கோலாலதான்மா."

"அது சரி. நீங்க எந்தப் பக்கம்?"

"நான் தையற்காரிமா. எந்தப் பக்கமும் இல்ல."

தலைமையாசிரியையின் கைப்பை ஓரத்தில் ஒரு கறுப்பு கிளிப் பளபளத்தது. அவர் சட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. ரொம்பவும் கவலையோடுதான் சொன்னார்.

"ஊரே ரெண்டா நின்னு யோசிக்குது. உங்களுக்கு ஒரு கருத்தே இல்லைன்னா, பிள்ளைங்க உடுப்பை எதை நம்பிக் கொடுக்கறது?"

எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடைத் தையற்காரர் இடுப்பில் கறுப்புக் கத்தி மாட்டியிருந்தார். சீருடை வேலை முழுவதும் அவருக்குப் போயிற்று.

மத்தியானத்துக்குள் புகார் போய்விட்டது. வியாபாரம் இல்லை என்று புலம்பியவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தை அறுத்துப்போட்டாள் என்று பழக்கடைக்காரர். மகன் முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்துவிட்டது என்று செருப்புக் கடைக்காரர். கறுப்பும் மரப்பிடியும் முதன்முதலாக ஒன்றாகச் சேர்ந்தது அன்றைக்குத்தான். பேனரை இறக்க ஒரு நாளும் வராத அலுவலக ஜீப், பேனர் இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் அரை மணியில் வந்து நின்றது. கண்காணிப்பாளர் அம்மா கத்தரிக்கோலைக் கைப்பற்றலாமா என்று யோசித்தார். மடங்காத கருவியைக் கைப்பற்றக் கொள்கையில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடையை மூட வேண்டியதில்லை, ஆனால் குற்றம் நடந்த இடத்தில் பொதுமக்கள் அறியும்படி அறிவிப்பு வைக்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார்.

சாயங்காலம் எதிர்க்கடைத் தையற்காரர் பின்வாசல் வழியாக வந்தார். தோளில் ஒரு பெரிய துணி மூட்டை. கையைப் பிசைந்துகொண்டே, உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்குக் காலர் வராது என்றார். தைத்துக் கொடுத்தால் போதும், காலருக்குள் வைக்கும் பெயர்த் துணியை மட்டும் தன் கடைப் பெயரில் வைத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா மூட்டையை அவிழ்த்துத் துணியைத் தடவிப் பார்த்தாள். வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அறிவிப்பு மறுநாள் அச்சாகி வந்துவிட்டது. 'இவ்விடத்தில் அனுமதியற்ற அகற்றல் நிகழ்ந்துள்ளது. பொதுமக்கள் இதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்க.' பல்லைவிடப் பெரிதாக இருந்தது. அலுவலகக் கத்தியால் முறைப்படி அகற்றப்படும்வரை அங்கேயே தொங்க வேண்டும் என்று அடியில் சிறு எழுத்தில் போட்டிருந்தது. ஏணி ஏணியில் ஏறினான். ஒரு முனையைக் கட்டினான், இறங்கி ஏணியை நகர்த்தி, மறுமுனையைக் கட்டினான். கடைக்குள் இருந்த வெயில் கட்டம் ஓர் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே போய் இல்லாமல் போயிற்று. உள்ளே விளக்கு எரிந்தது.

கட்டி முடித்த பிறகு கயிறு ஒரு முழம் மிச்சம். கடை நிலைப்படிக்கு நேரே, போகிறவர் வருகிறவர் முகத்தில் படும்படி தொங்கியது. அதைச் சுற்றிக் கட்டப் பார்த்தான், வரவில்லை. முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டப் பார்த்தான், இறுகிவிட்டது. ஏணியிலேயே நின்றுகொண்டு கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அறிவிப்புக்குக் கீழிருந்து அக்காவின் கை வெளியே வந்தது. 'கறுக்' என்று கத்தரித்துவிட்டு, துண்டுக் கயிற்றோடு உள்ளே போய்விட்டது.

ஏணி தெருவை இரு பக்கமும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை, துணிகளுக்கு நடுவே யாருக்கும் யாரையும் தெரியவில்லை. இறங்கி, குனிந்து, உள்ளே வந்தான்.

"கயிறு எதுக்கு அக்கா?"

"மூட்டை கட்ட ஆகும்" என்றாள் அவள், தலை நிமிராமல். ஒரு சின்னக் காலரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மூலையை ஊசியால் நெம்பி எடுத்து, விரலால் நீவி, இயந்திரத்துக்கு அடியில் கொடுத்து மிதிக்க ஆரம்பித்தாள்.